ஒலிப்பதிவுக்கூடம் யாருக்குச் சொந்தம்? – ஒரு செக் ராக் குழுவின் ஆல்பத்தை முன்வைத்து

1

ராக் இசை வரலாறு எழுதுகிறவர்கள் சலிக்காமல் எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு: 'இந்த ஆண்டில் இந்தக் குழு தன் புதிய ஆல்பத்தைப் பதிவுசெய்ய ஸ்டுடியோவுக்குள் நுழைந்தது.' பிறகு பாட்டுகளின் பட்டியல், யார் எந்த வாத்தியம் வாசித்தார், எத்தனை பிரதிகள் விற்றன என்கிற கணக்கு. அந்த ஸ்டுடியோவின் கதவைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. கதவு யாருக்குத் திறக்கும், சாவி யார் கையில், உள்ளே போவதற்கு என்ன விலை, என்ன விசுவாசம் கேட்கப்படுகிறது என்பதெல்லாம் இசைக்கு 'வெளியே' இருக்கும் விஷயங்களாக ஒதுக்கப்பட்டுவிடுகின்றன.

இந்த 'வெளியே' என்பதுதான் எனக்குப் பிரச்சினையாகப் படுகிறது. ஓர் ஆல்பம் என்பது பாட்டுகளின் தொகுப்பு மட்டுமல்ல. அறை, ஒலிவாங்கி, நாடா, மின்சாரம், அனுமதி, விநியோகம் ஆகியவற்றின் மீதான உடைமை உறவுகள் ஒரு குறிப்பிட்ட கணத்தில் எப்படி இருந்தன என்பதன் பதிவும்கூட. ஸ்டுடியோ தங்குதடையில்லாமல் கிடைக்கிறபோது இந்த உறவுகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது மறுக்கப்படும்போதுதான் வெளியே தெரிகின்றன. அப்படி மறுக்கப்பட்ட ஒரு குழு 1974–75இல் பதிவுசெய்த ஓர் ஆல்பத்தை முன்வைத்து இதைப் பேச விரும்புகிறேன். குழுவின் பெயர் 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யூனிவர்ஸ்'. நாடு, அன்றைய செக்கோஸ்லோவாகியா.

2

ஆல்பத்தின் தலைப்பே ஒரு கிண்டல். பீட்டில்ஸ் குழு 1967இல் வெளியிட்ட 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் க்ளப் பேண்ட்' என்ற ஆல்பத்தின் பெயரைத் திருப்பிப் போட்டு, 'எகோன் போண்டிஸ் ஹாப்பி ஹார்ட்ஸ் க்ளப் பேண்ட்' என்று வைத்தார்கள். இதில் கடைசிச் சொல்லுக்கு மட்டும் எழுத்து வேறு. ஆங்கிலத்தில் இசைக்குழுவைக் குறிக்கும் சொல்லும் 'தடைசெய்யப்பட்டது' என்பதைக் குறிக்கும் சொல்லும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். 'தனித்த இதயங்கள்' 'மகிழ்ச்சியான இதயங்கள்' ஆகின்றன, குழு 'தடை'யாகிறது.

இந்தச் சிலேடையை நான் வெறும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு ஆல்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பீட்டில்ஸ் 1966 நவம்பரிலிருந்து 1967 ஏப்ரல்வரை லண்டன் ஆபி ரோடில் உள்ள இ.எம்.ஐ. கம்பெனியின் ஸ்டுடியோவில் ஏறக்குறைய 700 மணி நேரம் செலவிட்டார்கள். நான்கு தடங்கள் கொண்ட நாடா இயந்திரங்களில் ஒரு தடத்தின்மீது இன்னொன்றை ஏற்றி, நாடாவை வெட்டி ஒட்டி, மேடையில் வாசிக்கவே முடியாத ஓசைகளை உண்டாக்கினார்கள். ஸ்டுடியோவே ஒரு வாத்தியமாயிற்று என்று விமர்சகர்கள் கொண்டாடுகிறார்கள். சரிதான். ஆனால் அந்த வாத்தியத்தை வாங்கிக் கொடுத்தது யார்? அதற்குமுன் விற்றுத் தீர்ந்த லட்சக்கணக்கான இசைத்தட்டுகள். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் வரவு வைக்கப்பட்ட வெற்றிதான் அந்த 700 மணி நேரமாக மாறியது.

ப்ராக்கில் அன்று இசைத்தட்டு வெளியிட்ட நிறுவனங்கள் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தவை. சுப்ராஃபோன், பாண்டோன் என்று பெயர்கள் வேறு, கட்டுப்பாடு ஒன்றே. அங்கே வரவு வைக்கப்பட வேண்டியது விற்பனை அல்ல, கீழ்ப்படிதல்.

3

1968 ஆகஸ்ட் 20 இரவு வார்சா ஒப்பந்த நாடுகளின் டாங்கிகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் நுழைந்தன. 'மனித முகம் கொண்ட சோஷலிசம்' முடித்து வைக்கப்பட்டது. (ஐ.நா. பாதுகாப்புச் சபையில் கண்டனத் தீர்மானம் வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.) சில வாரங்களிலேயே மிலன் ஹ்லாவ்ஸா என்ற 17 வயதுப் பையன் நண்பர்களோடு சேர்ந்து இந்தக் குழுவைத் தொடங்கினான். பெயர், ஃப்ராங்க் ஸப்பாவின் ஒரு பாட்டிலிருந்து வந்தது. வாசித்தது பெரும்பாலும் ஸப்பாவின் இசையும், அமெரிக்கச் சந்தையிலேயே விலைபோகாத வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் பாட்டுகளும்.

அடுத்து வந்த காலத்துக்கு ஆட்சியாளர்கள் வைத்த பெயர் 'இயல்புநிலையாக்கம்'. சொல்லைக் கவனியுங்கள். அடக்குமுறை என்று எந்த அதிகாரமும் தன்னை அழைத்துக்கொள்வதில்லை. இசைக்கலைஞர்கள் தொழில்முறை உரிமம் பெற வேண்டும் என்றானது. முடியை வெட்டு, ஆங்கிலப் பெயரை மாற்று, பாட்டுகளை மாற்று. பல குழுக்கள் மாற்றிக்கொண்டு பிழைத்தன. இவர்கள் மாட்டேன் என்றார்கள். 1970இல் உரிமம் போயிற்று. உரிமத்தோடு அரசு கொடுத்திருந்த வாத்தியங்களும் போயின. கிடாரும் கீபோர்டும் வாசித்த யோசெஃப் யானீச்செக் மெக்கானிக் வேலை தெரிந்தவர். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களைப் பிரித்து ஒலிபெருக்கி செய்தார்.

குழுவுக்குக் கலை வழிகாட்டியாக இருந்தவர் இவான் யிரோஸ். கலை வரலாற்றாளர், 'மாகோர்', அதாவது கிறுக்கன், என்று பட்டப்பெயர். கச்சேரி நடத்தத்தானே உரிமம் வேண்டும், சொற்பொழிவுக்கு வேண்டாமே! ஆண்டி வார்ஹால் பற்றிச் சொற்பொழிவு என்று அறிவித்துச் சில ஸ்லைடுகளைக் காட்டிவிட்டு, 'உதாரணத்துக்கு' என்று குழுவை மணிக்கணக்கில் வாசிக்க வைத்தார். அதுவும் முடியாமல் போனபோது நண்பர்களின் கல்யாணங்கள் கச்சேரிகளாயின. கல்யாணத்துக்கு யாரும் தடை போட முடியாதல்லவா.

1974 மார்ச்சில் செஸ்கே புட்யோவிட்ஸே நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் இவர்களைக் கேட்க வந்த இளைஞர்களைப் போலீஸ் தடியால் அடித்து விரட்டி ரயிலேற்றி அனுப்பியது. இந்தச் சூழ்நிலையில்தான் ஆல்பம் பதிவானது.

4

பதிவு நடந்த இடம் ஸ்டுடியோ அல்ல, ஹௌஸ்கா என்கிற பழைய கோட்டை. அங்கே பராமரிப்பாளராக இருந்தவர் ஸ்வாடோப்ளுக் காராசெக். அவர் ஒரு பாதிரியார். பாட்டுக் கட்டிப் பாடுகிறவர். அந்த நாட்டில் தேவாலய ஊழியத்துக்கும் அரசின் சம்மதம் வேண்டும். அது அவரிடமிருந்து பறிக்கப்பட்டிருந்தது. ஊழியம் மறுக்கப்பட்ட பாதிரியார் சாவி வைத்திருக்கும் கோட்டையில் மேடை மறுக்கப்பட்ட குழு பதிவுசெய்தது. எதிர்ப்பின் நிலவியல் இப்படித்தான் இருக்கிறது. தலைமறைவு என்றால் நிலவறை என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் அது வேலை பறிக்கப்பட்டவர்கள் பார்க்க நேர்ந்த சில்லறை வேலைகளின் வலைப்பின்னல்.

பாட்டுகளுக்கு வரிகள் பெரும்பாலும் எகோன் போண்டியின் கவிதைகள். இயற்பெயர் ஸ்பினியெக் ஃபிஷெர்; 1949இல் யூத எதிர்ப்பு மனோபாவத்தைக் கண்டிக்க யூதப் பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டவர். தத்துவம் படித்தவர், மார்க்சியர், 1968இல் புத்தரைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டவர். ஆட்சியை இடதுபக்கத்திலிருந்து விமர்சித்தவர் என்பது முக்கியம். அவருடைய கவிதைகளில் புரட்சிக்கான அறைகூவல் எதுவும் கிடையாது. மலச்சிக்கல், போதை, தூங்க முடியாத இரவு – அவ்வளவுதான். ஹ்லாவ்ஸா இதையெல்லாம் கனத்த, திரும்பத் திரும்ப வரும் பாஸ் கிடார் தாளத்தில் வைத்தார். அதன்மேல் வியோலா கீறியது, வ்ராடிஸ்லாவ் ப்ரபெனெட்ஸின் சாக்ஸஃபோன் அலறியது. தொழிலாளியின் ஆரோக்கியமான உடலைச் சுவரொட்டிகளில் தீட்டிக்கொண்டிருந்த அரசுக்கு முன்னால் இவர்கள் வைத்தது செரிக்காத, தூங்காத, நாறுகிற உடல். இதில் அரசியல் இல்லையா என்று கேட்டால், அவர்கள் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் கேட்டது எங்களை வாசிக்க விடு என்பது மட்டும்தான். அதை அரசியலாக்கியது அரசு.

பதிவான நாடா இசைத்தட்டாகவில்லை. ஒரு நாடாவிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று கைமாறியது. ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் கொஞ்சம் கூடும், ஓசையின் விளிம்பு கொஞ்சம் தேயும். இயந்திரத்தால் பிரதி எடுக்கும் காலத்தில் கலைப்படைப்பு தன் தனித்துவத்தின் ஒளிவட்டத்தை இழக்கிறது என்றார் வால்ட்டர் பெஞ்சமின். இங்கே நிலைமை தலைகீழ். பழைய சுவடி கெடுவதற்குள் இன்னொருவர் அமர்ந்து ஏடு பெயர்த்தெழுதுவதைப் போல ஒவ்வொரு பிரதியின் பின்னாலும் ஒரு மனிதர், ஓர் இரவு, மாட்டிக்கொண்டால் கிடைக்கக்கூடிய தண்டனை. பிரதிதான் உறவு. 1975இல் யிரோஸ் எழுதிய அறிக்கையில் 'இரண்டாம் கலாச்சாரம்' என்று பெயரிட்டது இதைத்தான்: முதல் கலாச்சாரத்தோடு மோதி அதன் இடத்தைப் பிடிக்கத் துடிப்பதல்ல, அதன் அங்கீகாரமே தேவையில்லை என்று தனியே வாழ்வது.

5

1976 தொடக்கத்தில் யிரோஸ் நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலைச் சந்தித்து ஒரு கரகரத்த பழைய டேப் ரெக்கார்டரில் இந்த இசையைப் போட்டுக் காட்டினார். நல்ல குடும்பத்துப் படைப்பாளிக்கும் முடி வளர்த்த 'காலி'களுக்கும் இடையே அதுவரை ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தேய்ந்த அந்த நாடா செய்த வேலையை எந்தத் தூதுக்குழுவும் செய்திருக்க முடியாது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் யிரோஸின் கல்யாணக் கச்சேரி, மார்ச்சில் கைதுகள். செப்டம்பரில் ப்ராக்கில் நால்வர்மீது விசாரணை. குற்றம் அரச துரோகம் அல்ல, பொது ஒழுங்கைக் கெடுத்தது. சாட்சியம், பாட்டுகளில் வரும் 'கெட்ட வார்த்தைகள்'. பாட்டில் மலத்தைச் சொன்னதற்கா ஜெயில்? ஆமாம். யிரோஸுக்கு 18 மாதம், டி.ஜி.307 குழுவின் பாவெல் ஸாயிச்செக்குக்கு 12 மாதம், காராசெக்குக்கும் ப்ரபெனெட்ஸுக்கும் தலா 8 மாதம். அரசியல் கைதியாக்கினால் மதிப்பு வந்துவிடும், ரவுடியாக்கினால் யாரும் கேட்க வரமாட்டார்கள் என்பது கணக்கு. கணக்கு தப்பியது. தாழ்வாரத்தில் ஹாவெலோடு முன்னாள் கம்யூனிஸ்டுகளும் கிறிஸ்தவர்களும் நீள்முடி இளைஞர்களும் ஒன்றாக நின்றார்கள். சிவில், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை அந்த நாட்டுச் சட்டத் தொகுப்பில் அச்சானது அதற்கடுத்த அக்டோபரில்தான். சொல்லுக்கும் செயலுக்குமான இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு 1977 ஜனவரியில் 'சாசனம் 77' வந்தது. முதலில் கையெழுத்திட்டவர்கள் 240க்கு மேல். அதன் பேச்சாளர்களில் ஒருவரான தத்துவவாதி யான் படோச்கா தொடர் விசாரணைகளுக்குப் பின் மார்ச்சில் இறந்தார்.

நாடா எல்லை தாண்டி 1978இல் மேற்கில் இசைத்தட்டாக வெளிவந்தது. அதே ஆண்டு குழு தன் அடுத்த படைப்பான 'பாஸ்கா நாடக'த்தை ஹாவெலின் கிராமத்து வீட்டில் பதிவுசெய்தது. இந்த முறை 'ஸ்டுடியோ'வின் சாவி ஹாவெலிடம்.

6

1989க்குப் பிறகு இந்தக் கதை வேறுவிதமாகச் சொல்லப்படுகிறது: ராக் இசை கம்யூனிசத்தை வீழ்த்தியது, கிடார் டாங்கியை வென்றது. வென்றவர்களின் கதையாடல் இது. இதை நான் ஏற்கவில்லை. அந்த அரசு பாப் இசையை வெறுக்கவில்லை. கரேல் காட் போன்ற நட்சத்திரங்களை அதுவே வளர்த்தது. அது வெறுத்தது தன் கையில் சாவி இல்லாத இசையை. சந்தையும் அப்படித்தான், வழிமுறைதான் வேறு: ஒன்று கதவைப் பூட்டிக் காவல் போடுகிறது, மற்றொன்று வாடகை கேட்கிறது. இரண்டும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. விற்காத ஆல்பத்துக்காக லூ ரீட் சிறை போகவில்லை, இவர்கள் போனார்கள். யிரோஸ் தன் வாழ்நாளில் ஐந்து முறை போனார். அந்த வித்தியாசத்தைச் சிறுமைப்படுத்துகிற 'இடதுசாரி' வாதம் நேர்மையற்றது. ஆனால் ஒரு பூட்டு உடைந்ததைக் காட்டி இனிப் பூட்டே கிடையாது என்பதும் பொய்தான். 1990 ஜனவரியில் ப்ராக் வந்த ஸப்பாவை ஜனாதிபதி ஹாவெல் வர்த்தகத்துக்கும் கலாச்சாரத்துக்குமான சிறப்புத் தூதராக்கினார். அந்த நியமனம் நீடிக்கவில்லை.

கொண்டாட்டக் கதையில் இடம்பெறாத இன்னும் இரண்டு விஷயங்கள். ஒன்று, ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்த போண்டியே ரகசியப் போலீசுக்குத் தகவல் கொடுத்தவர் என்பதைப் பின்னர் திறக்கப்பட்ட கோப்புகள் காட்டின. அதே போண்டி புதிய முதலாளித்துவத்தையும் விடாமல் சாடினார். நாடு பிரிந்தபோது பிராட்டிஸ்லாவா போய் 2007இல் அங்கேயே இறந்தார். தியாகி, துரோகி என்ற இரண்டு பெட்டிகளில் எதிலும் அடங்காத மனிதர். இரண்டாவது, பெண்கள். யெச்னா தெருவில் டானா நெம்ஸோவாவின் வீடு இந்த இளைஞர்களுக்குப் புகலிடம். அவரும் 1979இல் சிறை போனார். கார்பன் தாள் வைத்துத் தடைசெய்யப்பட்ட புத்தகங்களைத் தட்டச்சு செய்ததில் பெரும்பங்கு பெண்களுடையது. இரண்டாம் கலாச்சாரத்துக்குள்ளும் ஒரு முதலாமிடம், இரண்டாமிடம் இருந்தது. வாசித்தவர்கள் பெயர் உறையில் இருக்கிறது. சோறு போட்டவர்கள் பெயர் இல்லை.

ஹ்லாவ்ஸா 2001இலும் யிரோஸும் ஹாவெலும் 2011இலும் காலமானார்கள். அந்த 1974–75 பதிவை இன்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒலி மங்கலாக இருக்கிறது, சமன் இல்லை, அறையின் முழக்கம் குறுக்கே வருகிறது. இவை தொழில்நுட்பக் குறைகள் என்று ஒரு ரசிகர் சொல்லக்கூடும். எனக்கு அவை ஆவணம். ஆபி ரோடின் சுத்தமான ஒலியில் கேட்காமல் போகும் ஒன்று இதில் கேட்கிறது: கதவு மூடப்பட்ட பிறகு இசைத்தவர்கள் எங்கே நின்றுகொண்டிருந்தார்கள் என்பது. அடுத்த முறை ஏதோ ஒரு குழு புதிய ஆல்பத்துக்காக ஸ்டுடியோவுக்குள் நுழைந்தது என்று படிக்கும்போது, கூடவே அதே வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் யார் என்றும் கேட்டுப் பார்க்கலாம்.