கெமராவுக்குப் பின்னால் நிற்பது யார்?

1960ஆம் ஆண்டு லண்டனில் 'பீப்பிங் டொம்' திரைப்படம் வெளியானது. பெண்களைக் கொன்று, சாகும் நேரத்து அச்சத்தைப் படம்பிடிக்கும் ஓர் இளைஞனின் கதை. விமர்சகர்கள் கொதித்தெழுந்தார்கள். புகழோடு இருந்த இயக்குநர் மைக்கேல் பவலின் திரைவாழ்வே சரிந்தது.

அதே ஆண்டு வந்த ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ'வும் கொலைகாரனின் மனதைப் பேசியதுதான். அதை மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

ஏன் இந்த வேறுபாடு? பவல் கொலைகாரனின் கெமராவுக்குள்ளால் எங்களைப் பார்க்க வைத்தார். வேடிக்கை பார்ப்பவனுக்கும் பங்குண்டு என்றார். அதுதான் சுட்டது என்பது என் எண்ணம். பின்னாளில் மார்ட்டின் ஸ்கோர்செஸி போன்றோர் அந்தப் படத்தை மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தார்கள்.

வீதியில் ஒருவர் அடிபட்டுக் கிடக்க, தூக்கிவிடாமல் போனைத் தூக்குகிறோமே, அப்போதெல்லாம் இந்தப் படம்தான் ஞாபகம் வருகிறது. பிள்ளைகளோடு இதைப் பேசுங்கள்.