தலை இல்லாத தபால்

ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் தபால் ஆபீஸ், ‘அஞ்சே கச்சேரி’ ஆகிவிடும். (பாட்டுக் கச்சேரி இல்லை, அலுவலகம்!) நம்ம ‘அஞ்சலு’க்கு உறவுக்கார வார்த்தை. 1672-ல் சிக்க தேவராஜ உடையார் தொடங்கிய மைசூர் தபாலின் பெயரே அதுதான். 1889-ல் பிரிட்டிஷ் இந்தியத் தபாலோடு இணையும்வரை அது ஓடியது.

வேடிக்கை என்னவென்றால், மைசூர் அஞ்சே தனக்கென்று ஸ்டாம்ப்பே வெளியிடவில்லை. முத்திரை குத்தியதோடு சரி. அப்படியானால் சேகரிப்பவர் எதைச் சேகரிப்பார்? முழுக் கடிதத்தை!

அமெரிக்காவிலும் 1847-ல் ஃபிராங்க்ளின், வாஷிங்டன் தலைகள் வருவதற்கு முன்பு போன கடிதங்களை மடிப்புக் குலையாமல் காக்கிறார்கள். நாமோ ஸ்டாம்ப்பை மட்டும் வெட்டி ஆல்பத்தில் ஒட்டிவிட்டு, தாத்தா வைத்திருந்த கவர்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டோம். எந்த ஊர், எந்தத் தேதி, எந்த வழி என்பதெல்லாம் அந்தக் கவர்மேல் குத்திய மசியில்தானே இருந்தது!