ஒரு காசும் ஒரு விரிசலும்

லண்டனுக்குப் போகாதவர்களுக்கும் பிக் பென் தெரியும். சினிமாவில் ஹீரோ லண்டனில் இறங்கிவிட்டான் என்று காட்ட வேண்டுமா? தேம்ஸ் நதி, சிவப்பு பஸ், அப்புறம் அந்த மணிக்கூண்டு. மூன்றே ஷாட், வேலை முடிந்தது. ஆனால் கேமரா கூண்டுக்கு வெளியிலேயே நின்றுவிடும். நாம் கொஞ்சம் உள்ளே போவோம். ஏனென்றால் அங்கே தினமும் வேலைக்கு வருகிற சில மெக்கானிக்குகள் இருக்கிறார்கள்.

பிரிட்டிஷ் பாராளுமன்றக் கட்டடம் 1834-ல் எரிந்து போனது. புதுக் கட்டடத்துக்கு ஒரு பிரமாண்டக் கடிகாரம் வேண்டும் என்று முடிவானது. அரசாங்க வானியல் நிபுணர் ஜார்ஜ் ஏரி ஒரு கண்டிஷன் போட்டார். ஒவ்வொரு மணியின் முதல் அடியும் ஒரு செகண்டுக்கு மேல் பிசகக் கூடாது! தொழில் தெரிந்த கடிகாரக்காரர்களே கையை விரித்தார்கள். பின்னே, அவ்வளவு உயரத்தில் காற்றும் மழையும் பனியும் முள்ளைப் பிடித்துத் தள்ளாதா? கடைசியில் வழி கண்டுபிடித்தவர் எட்மண்ட் டெனிசன் என்கிற வக்கீல். வெளியே முள்ளுக்கு என்ன ஆனாலும் அதன் பாதிப்பு உள்ளே பெண்டுலத்துக்குப் போகாத மாதிரி ஒரு அமைப்பை உருவாக்கினார். 1859 மே 31-ம் தேதி கடிகாரம் ஓடத் தொடங்கியது.

ஓடத் தொடங்கினால் போதுமா? ஓட வைத்துக்கொண்டே இருக்க வேண்டுமே!

வாரத்துக்கு மூன்று நாள் சாவி கொடுக்க வேண்டும். மணி தொங்குகிற தளம் வரை 334 படிகள். ஆரம்பத்தில் எல்லாமே கையால்தான். மணியடிக்கும் பகுதிகளுக்கு சாவி கொடுக்கவே மணிக்கணக்கில் ஆகும் என்பதால், 1913-ல் அதற்கு மோட்டார் வைத்தார்கள். நேரம் காட்டும் பகுதிக்கு மட்டும் இன்றைக்கும் மனிதக் கைதான்.

நேரம் பிசகினால்? இங்கேதான் சுவாரஸ்யம். பெண்டுலத்தின் எடை சுமார் 310 கிலோ. அதன் மேலே பழைய ஒரு பென்னிக் காசுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு காசு கூடுதலாக வைத்தால் கடிகாரம் ஒரு நாளைக்கு 0.4 செகண்ட் வேகமாக ஓடும். எடுத்தால் அதே அளவு மெதுவாகும். பத்து கிராம்கூட இல்லாத சில்லறைக் காசு அது! 1971-ல் அந்தக் காசு கடைகளில் செல்லாமல் போய்விட்டது. கூண்டுக்குள் மட்டும் அதற்கு இன்னமும் மதிப்பு உண்டு.

ஆனால் எல்லாக் கோளாறும் காசு வைத்தால் சரியாகிவிடாது. 1949-ல் மைனா ஜாதிப் பறவைக் கூட்டம் ஒன்று பெரிய முள்ளில் உட்கார்ந்து நாலரை நிமிஷம் தாமதமாக்கிவிட்டது. அது வேடிக்கை. 1976-ல் நடந்தது வேடிக்கையே இல்லை.

ஆகஸ்ட் 5. விடிவதற்கு முன், மூன்றே முக்கால் மணி. கூண்டுக்குள்ளிருந்து பயங்கர சத்தம். இரண்டு வருஷத்துக்கு முன்புதான், 1974 ஜூனில், அதே வளாகத்திலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் குண்டு வெடித்திருந்தது. மறுபடியும் அதுதானோ என்று யாருக்கும் தோன்றத்தானே செய்யும்?

குண்டு இல்லை. கால் மணிக்கு ஒரு தடவை இசைக்கிற பகுதி, டன் கணக்கான எடை கீழே இறங்குவதால்தான் இயங்குகிறது. அது தடதடவென்று இறங்கிவிடாமல் இருக்க, காற்றைத் தள்ளிக்கொண்டு சுழலும் இறக்கைகள் பிரேக் போடும். அந்த பிரேக்கின் தண்டு முறிந்துவிட்டது. எடை கட்டுப்பாடில்லாமல் விழ, பல்சக்கரங்கள் தறிகெட்டுச் சுற்றி, உருளை இடம் பெயர்ந்து, இயந்திரம் நொறுங்கி அறை முழுக்கச் சிதறியது. நல்லவேளை, அந்த நேரத்தில் உள்ளே யாரும் இல்லை.

காரணம், உலோகச் சோர்வு. கால் மணிக்கு ஒரு தடவை என்றால் நாளைக்கு 96 தடவை. 117 வருஷத்துக்குக் கணக்குப் போடுங்கள். சுமார் 40 லட்சம் தடவை! நாங்கள் காமர்ஸ் வகுப்பில் தேய்மானம் என்று வருஷா வருஷம் ஒரு தொகையைக் கழித்துவிட்டுப் போய்விடுவோம். இரும்பு அப்படி ஒழுங்காகக் கணக்குக் கொடுக்காது. எண்ணெய் போட்டு, துடைத்து, சாவி கொடுத்துப் பார்த்துக்கொண்டவர்களின் கண்ணுக்கும் தெரியாமல் விரிசல் வளர்ந்துகொண்டே இருந்தது. ரிப்பேருக்காக ஒன்பது மாதத்தில் மொத்தம் 26 நாள் கடிகாரத்தை நிறுத்தி வைத்தார்கள். 1977 மே 9-ல் அது முழுசாக மறுபடி உயிர் பெற்றது.

அதனால்தான் 2017-ல் பெரிய பராமரிப்புக்காகப் பிரித்துப் போட்டார்கள். ஆகஸ்ட் 21 பகல் 12 மணியோடு வழக்கமான மணியோசை நின்றது. பக்கத்தில் இருப்பவருக்கு அந்த ஓசை 120 டெசிபலை நெருங்கும். அங்கேயே நாள் முழுக்க வேலை செய்கிறவர்களின் காது என்னாவது? அதற்காகத்தான் மௌனம். ஆனால் அரசியல்வாதிகள் குதித்தார்கள். இத்தனை வருஷம் மணியை நிறுத்துவது சரியில்லை என்று பிரதமர் தெரசா மேயே சொன்னார். புத்தாண்டு மாதிரி முக்கிய நாட்களில் மட்டும் அடிக்கலாம் என்ற ஏற்பாட்டோடு, தொழிலாளிகளின் காதுதான் கடைசியில் ஜெயித்தது. சுமார் 8 கோடி பவுண்ட் செலவு. 2022 நவம்பரில் மணி பழையபடி ஒலித்தது. கூண்டுக்குள் ஒரு லிஃப்டும் வந்தது.

பராமரிப்பு வேலையின் சாபமே இதுதான். ஒழுங்காகச் செய்தால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காததற்கு யார் நன்றி சொல்வார்கள்? 40 லட்சம் தடவை சரியாக அடித்தது செய்தி ஆகவில்லை. ஒரு ராத்திரி உடைந்ததுதான் சரித்திரத்தில் ஏறியது.

உங்கள் ஆபீஸ் லிஃப்டில் 'பராமரிப்பு நடக்கிறது, இரண்டு மணி நேரம் ஓடாது' என்று போர்டு தொங்கினால், உள்ளே கிரீஸ் கையோடு நிற்கிற மனிதரை முறைக்காதீர்கள். இன்னும் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசலைத்தான் அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.