தடுப்புக் காவல் சட்டங்கள் (தமிழ்நாடு)

தடுப்புக் காவல் என்பது செய்த குற்றத்துக்குத் தண்டனை அன்று. ஒருவர் இனிச் செய்யக்கூடும் என்று அரசு கருதும் செயலைத் தடுக்க, விசாரணையின்றி அவரைச் சிறையில் வைப்பது. அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இதற்கு இடமளிக்கிறது. தேசப் பாதுகாப்புச் சட்டம் (1980), கடத்தல் தொடர்பான காஃபிபோசா (1974), தமிழ்நாட்டின் 14/1982 எண் கொண்ட 'குண்டர் சட்டம்' ஆகியவை இவ்வகையில் முக்கியமானவை. தடா, பொடா, உபா ஆகியவற்றையும் பத்திரிகைகள் இந்த வரிசையிலேயே எழுதுவதுண்டு. ஆனால் அவை குற்றம் சாட்டி, வழக்கு நடத்தித் தண்டிக்கும் சட்டங்கள். வைகோ 2002இல் பொடாவில் கைதானது இந்தக் கட்டுரைக்குள் வராது.

தோற்றம்

கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் 1818இல் பிறப்பித்த மூன்றாம் ஒழுங்குவிதியே இவ்வகைச் சட்டங்களுக்கு மூலம். சென்னை மாகாணத்துக்கு அடுத்த ஆண்டே, 1819இன் இரண்டாம் ஒழுங்குவிதி வந்தது. 'அரசுக் கைதி' என்ற வகை இவற்றால் உருவானது. பாளையக்காரர் போர்கள் ஓய்ந்து இருபது ஆண்டுகூட ஆகாத நேரத்தில் அத்தகைய விதி ஒன்று கம்பெனிக்குத் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது. நகர மக்கள் பலர் ஊரைவிட்டு ஓடினர். 'எம்டன்' என்ற சொல் தமிழில் தங்கிவிட்டது அப்போதுதான். 1915 மார்ச்சில் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. போருக்கென வந்த அச்சட்டம் சென்னை மாகாணத்தில் ஜெர்மன் ஒற்றர்களைப் பிடித்ததற்காக நினைக்கப்படவில்லை. 1917 ஜூனில் ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அதைக் கொண்டு அன்னி பெசன்ட், ஜார்ஜ் அருண்டேல், பி. பி. வாடியா ஆகிய தன்னாட்சி இயக்கத்தார் மூவரை உதகையில் காவலில் வைத்தார். சென்னை உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயர் அமெரிக்க அதிபர் வில்சனுக்கே கடிதம் எழுதினார். பின்னர் தம் 'சர்' பட்டத்தையும் துறந்தார். எதிர்ப்பு பெருகவே மூவரும் செப்டம்பரில் விடுதலையாயினர். மறு ஆண்டு ஏப்ரலில் வாடியா பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். வடசென்னைத் தொழிற்சங்க வரலாறு ஒரு முன்னாள் காவல் கைதியிடமிருந்து தொடங்குகிறது என்று சொன்னால் தவறில்லை.

போர் முடிந்தபின்னும் இந்த அதிகாரத்தைக் கைவிட அரசுக்கு மனமில்லை. ரௌலட் தலைமையிலான குழுவில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி சி. வி. குமாரசாமி சாஸ்திரியும் உறுப்பினர். பிபின் சந்திர பாலின் சொற்பொழிவுகள் முதல் 1911இல் மணியாச்சியில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டது வரை சென்னை மாகாண நிகழ்வுகளையும் அக்குழு ஆராய்ந்தது. 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் நிறைவேறியபோது காந்தி சென்னையில், ராஜாஜியின் வீட்டில் தங்கியிருந்தார். நாடு தழுவிய கடையடைப்பு என்ற எண்ணம் அங்கேதான் தமக்குத் தோன்றியதாக அவர் எழுதியுள்ளார். சட்டம் பெரிதாகப் பயன்படுத்தப்படாமலேயே 1922இல் நீக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் 1939ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் அந்த இடத்தைப் பிடித்தது. அதன் கீழ் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே காமராஜர் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் அப்பதவியை விட்டு விலகினார்.

மூன்று சென்னை வழக்குகள்

சிறைக்குப் போனவர்கள் ஆட்சிக்கு வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, அதே அதிகாரத்தைப் புதுப்பித்துக்கொண்டது. 1947இன் சென்னைப் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டமும் 1949இல் அதன் இடத்தில் வந்த சட்டமும் பெரும்பாலும் கம்யூனிஸ்டுகள் மீதே பாய்ந்தன. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்டு கைதிகள் இறந்தனர். அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினாறு நாளே ஆகியிருந்தது. அதே மாதம் 25ஆம் தேதி வல்லபபாய் படேல் தடுப்புக் காவல் மசோதாவைக் கொண்டுவந்தார். ஒரே நாளில் அது நிறைவேறியது. ஓராண்டுக்கு என்று சொல்லிப் பிறந்த அச்சட்டம் நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பாக 1969 இறுதிவரை வாழ்ந்தது.

1947 டிசம்பரிலிருந்து சிறையிலிருந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலனுக்கு 1950 மார்ச் 1 அன்று புதிய சட்டத்தின் கீழ் ஆணை வழங்கப்பட்டது. அவர் உச்சநீதிமன்றம் சென்றார். எம். கே. நம்பியார் அவருக்காக வாதாடினார். மே 19 அன்று வந்த 'கோபாலன் எதிர் சென்னை மாநிலம்' தீர்ப்பில் ஆறு நீதிபதிகளில் நால்வர் சட்டத்தை ஏற்றனர்: சட்டசபை இயற்றிய நடைமுறை பின்பற்றப்பட்டால் போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டியதில்லை. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்ற 14ஆம் பிரிவு மட்டும் வீழ்ந்தது. பசல் அலி எழுதிய மாறுபட்ட தீர்ப்பே சரியானது. 1978இல் மேனகா காந்தி வழக்கில் உச்சநீதிமன்றம் அவர் பக்கம்தான் வந்து சேர்ந்தது.

கோபாலன் தீர்ப்புக்கு ஒரு வாரம் கழித்து வந்தது ரொமேஷ் தாப்பர் வழக்கு. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' இதழை, மேற்சொன்ன 1949 சட்டத்தைக் கொண்டே சென்னை அரசு மாநிலத்துக்குள் தடை செய்திருந்தது. பொதுப் பாதுகாப்பு வேறு, அரசின் பாதுகாப்பு வேறு. முன்னதைக் காட்டிப் பேச்சுரிமையை முடக்க முடியாது என்று நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதினார். மறு ஆண்டே முதல் அரசமைப்புத் திருத்தத்தில் 'பொது ஒழுங்கு' என்ற சொல்லைச் சேர்த்து நேரு அரசு அந்தத் தீர்ப்பைத் தாண்டிச் சென்றது. 1952இல் வி. ஜி. ராவ் வழக்கில், சென்னை அரசு மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோதமானது என அறிவித்தது செல்லாது என்று தீர்ப்பானது. கட்டுப்பாடு 'நியாயமானதா' என்பதை அளக்க நீதிமன்றங்கள் இன்றும் எடுக்கும் அளவுகோல் அந்த வழக்கிலிருந்து வந்ததே.

மிசாவும் காஃபிபோசாவும்

1971இல் மிசா (உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம்) வந்தது. நெருக்கடி நிலையின்போது, 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு கலைக்கப்பட்டதும் அக்கட்சியினர் பலர் அதன் கீழ்ச் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டனர். சிறைக்குள் அடிபட்ட முன்னாள் மேயர் சி. சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். கம்பராமாயணப் பற்றால் தமிழர் நன்கறிந்த நீதிபதி மு. மு. இஸ்மாயில் தலைமையிலான ஆணையம் அச்சிறைக் கொடுமைகளை விசாரித்தது. மிசா பின்னர் நீக்கப்பட்டது. அந்தச் சிறையும் இப்போது இல்லை. 2006இல் கைதிகள் மணலிக்கு மேற்கேயுள்ள புழலுக்கு மாற்றப்பட்டனர்.

காஃபிபோசா சென்னைத் துறைமுகப் பகுதியோடு நேரடித் தொடர்புடையது. தமிழ்நாடு உள்ளிட்ட கடலோர மாநிலங்களில் கரையிலிருந்து 50 கிலோமீட்டர் உள்வரையான நிலத்தை, கடத்தலுக்கு மிகவும் இடமுள்ள பகுதி என்று அதன் 9ஆம் பிரிவு வகுத்தது. அங்கே ஓராண்டுக்குப் பதிலாக இரண்டாண்டு வரை ஒருவரைக் காவலில் வைக்கலாம். இராயபுரம், எண்ணூர், திருவொற்றியூர், மணலி புதுநகர் எல்லாமே இந்த எல்லைக்குள் அடங்கின. அந்தச் சிறப்பு விதி 1999 ஜூலைவரை பிறந்த ஆணைகளுக்கே பொருந்தியது.

  

குண்டர் சட்டம்

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் வந்த இச்சட்டத்தின் முழுப்பெயரில் கள்ளச்சாராயம் விற்போர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், விபசாரத் தொழில் நடத்துவோர், குடிசைப் பகுதி நில அபகரிப்போர் ஆகியோர் இருந்தனர். பின்வந்த அரசுகள் வனக் குற்றவாளிகள், திருட்டு வீடியோ தயாரிப்போர், மணல் கடத்துவோர் என்று பெயரை நீட்டிக்கொண்டே போயின. 2014இல் பாலியல், இணையக் குற்றவாளிகளும் சேர்ந்தனர். மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ ஆணையிடுவார். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள், காவல் தேவையா என்று ஆராயும் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். கழகத்தின் முன் வழக்கறிஞர் மூலம் வாதாட உரிமை இல்லை. காவலின் உச்ச அளவு 12 மாதம்.

ராம் மனோகர் லோகியா வழக்கில் (1966) நீதிபதி இதாயதுல்லா மூன்று வட்டங்களைச் சொன்னார்: வெளியே சட்டம் ஒழுங்கு, அதனுள் பொது ஒழுங்கு, நடுவில் அரசின் பாதுகாப்பு. தமிழ்நாட்டுக் காவல் ஆணைகளில் ஒரு தெருவில் கத்தி காட்டிப் பணம் பறித்த வழக்குகூட, மக்கள் அஞ்சி ஓடினர், கடைகள் மூடப்பட்டன என்ற இரு வரிகளால் பொது ஒழுங்கு வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. கைதிக்கு வழங்கும் ஆவணத் தொகுப்பில் ஒரு தாளின் மொழிபெயர்ப்பு இல்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், ஜாமீன் மனுவே போடாதவர் வெளியே வந்துவிடுவார் என்ற ஊகம் ஆகிய காரணங்களால்தான் ஆட்கொணர்வு மனுக்களில் பல ஆணைகள் விழுகின்றன. அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும். வழக்கமான குற்றச் சட்டமே போதுமானபோது தடுப்புக் காவல் சட்டவிரோதம் என்று ரேகா வழக்கில் (2011) உச்சநீதிமன்றம் கூறியது.

இன்றைய நிலை

மெரினாவில் ஈழ நினைவேந்தல் நடத்த முயன்ற திருமுருகன் காந்தி மீதான குண்டர் சட்ட ஆணை 2017இலும், பீகார் யூடியூபர் மணீஷ் காஷ்யப் மீதான தேசப் பாதுகாப்புச் சட்ட ஆணை 2023இலும், யூடியூபர் சவுக்கு சங்கர் மீதான முதல் குண்டர் சட்ட ஆணை 2024இலும் உயர்நீதிமன்றத்தில் ரத்தாயின. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது; தடுப்புக் காவல் சட்டங்களை அது தொடவில்லை. அறிவுரைக் கழகத்தின் கருத்தின்றி ஒருவரை வைத்திருக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்க 1978இல் நாடாளுமன்றம் 44ஆம் அரசமைப்புத் திருத்தத்தில் ஒரு பிரிவை நிறைவேற்றியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும்படி அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று ஏ. கே. ராய் வழக்கில் (1981) உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பிரிவு இன்னும் அறிவிக்கப்படவில்லை.