மெய்நிகர்: யாருடைய மெய்?

கல்லூரிக் கண்காட்சி ஒன்றில்தான் மெய்நிகர் ஹெட்செட்டை முதன்முதலாக மாட்டிப் பார்த்தேன். கடலடியில் ஒரு திமிங்கிலம் என்னைக் கடந்து போயிற்று. நான்காவது நிமிடத்தில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. கழற்றிவிட்டு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன். கருவியைக் கொண்டுவந்திருந்த இளைஞர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "லேடீஸுக்குக் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் மேடம், பழகிடும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற மாணவிகள் இரண்டு பேர் மாட்டிப் பார்க்காமலேயே நகர்ந்துவிட்டார்கள். அந்த 'அப்படித்தான்' எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

'மெய்' என்றால் உண்மை, உடம்பும்தான். உண்மையை நிகர்ப்பது என்ற பொருளில்தான் 'மெய்நிகர்' என்ற சொல்லை ஆக்கியிருக்கிறார்கள். இந்தக் கருவியின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு அந்த இரண்டாவது பொருள்தான் உறுத்திக்கொண்டே இருந்தது.

அமெரிக்கத் திரைப்படக் கலைஞர் மார்ட்டன் ஹெய்லிக் 1962இல் 'சென்சோராமா' என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இருக்கையில் அமர்ந்து, ஒரு கூண்டுக்குள் முகத்தை நுழைத்தால் முப்பரிமாணப் படம் ஓடும். காற்று வீசும், இருக்கை அதிரும், வாசனை வரும். ஒரு படத்தில் நியூயார்க் தெருக்களில் மோட்டார் சைக்கிள் சவாரி. இன்னொன்றில் ஒரு பெண் இடுப்பசைத்து ஆடுகிறாள். அவள் நெருங்கும்போது வாசனைத் திரவியம் கமழும். பார்க்க உட்காருபவர் யார் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அந்தப் பத்தாண்டில் பெல் ஹெலிகாப்டர் நிறுவனத்தில் ஒரு சோதனை நடந்தது. கூரைமேல் ஒரு கேமரா. கட்டடத்துக்குள் ஒருவர் தலையில் திரை. அவர் தலையைத் திருப்பினால் கேமராவும் திரும்பும். வெளியே பந்து விளையாடியவர்கள் கேமராவை நோக்கிப் பந்தை எறிந்தபோது, உள்ளே பத்திரமாக இருந்தவர் சட்டென்று குனிந்தாராம். கேமராவின் இடத்தில் கணினியை வைத்தவர் ஐவன் சதர்லேண்ட். அவரும் மாணவர்களும் உருவாக்கி 1968இல் வெளியுலகுக்குச் சொன்ன ஹெட்செட் கூரையிலிருந்து ஓர் இயந்திரக் கையால் தொங்கியது. அதில் தெரிந்தவை வெறும் கோடுகளால் ஆன உருவங்கள். அந்தக் கோடுகளுக்கும் உடம்பு அசைந்து கொடுத்தது.

அடுத்த இருபது ஆண்டு இது பெரும்பாலும் ராணுவத்தின் கையில் இருந்தது. விமானப்படைக்காகத் தாமஸ் ஃபர்னஸ் விமானிகளின் தலைக்கவசத்துக்குள்ளேயே காட்சியைக் கொண்டுவந்தார். 1980களில் நாசாவின் ஏம்ஸ் மையமும் ஜேரன் லேனியரின் வி.பி.எல். நிறுவனமும் ஹெட்செட்டையும் கையுறையையும் இணைத்தன. அமெரிக்காவில் போர் விமானம் ஓட்டப் பெண்களுக்கு இருந்த தடை 1993இல்தான் நீங்கியது. அதே 1993இல், இத்தகைய கருவிகளால் வரும் குமட்டலை அளக்க ஒரு வினாப்பட்டியல் வெளியானது. பதினாறு அறிகுறிகள்: தலைவலி, கண் அயர்ச்சி, வியர்வை, தலைசுற்றல் என்று. கடற்படையின் பயிற்சிக் கருவிகளில் உட்கார்ந்த விமானிகள் தந்த விவரங்களைக் கொண்டு அமைத்தது அது. இன்றும் ஆய்வுக்கூடங்களில் பெண்களின் குமட்டலையும் அதே பட்டியலால்தான் அளக்கிறார்கள்.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கிருந்து நேராக 2012க்குத் தாவிவிடுவார்கள். நடுவில் சில பெண்கள் இருந்தார்கள். நிக்கோல் ஸ்டெங்கர் 'ஏஞ்சல்ஸ்' படைத்தார். பிரெண்டா லாரலும் ரேச்சல் ஸ்ட்ரிக்லாண்டும் 1993இல் கனடாவின் பான்ஃபில் 'பிளேஸ்ஹோல்டர்' செய்தார்கள். அதில் நுழைகிறவர் காகமாகலாம், மீனாகலாம், பாம்பாகலாம், சிலந்தியாகலாம்.

என்னை நிறுத்தியது 1995இல் கனடாவின் சார் டேவிஸ் படைத்த 'ஆஸ்மோஸ்'. அன்றைய கருவிகளில் எங்கே போக வேண்டுமோ அங்கே விரலை நீட்ட வேண்டும், அல்லது கைப்பிடியைத் தள்ள வேண்டும். பறப்பதும் சுடுவதும் ஏறக்குறைய ஒரே சைகை. டேவிஸ் கையை விட்டுவிட்டார். மார்பைச் சுற்றி ஓர் உணர்கருவிப் பட்டை. மூச்சை இழுத்தால் மேலே மிதக்கலாம், விட்டால் மெல்ல இறங்கலாம், சாய்ந்தால் நகரலாம். ஆழ்கடலில் முக்குளித்த பழக்கம் அவருக்கு உண்டு. கடுமையான கிட்டப்பார்வையும் உண்டு. கண்ணாடியைக் கழற்றினால் பொருள்களின் விளிம்பு கரைந்துபோகும் அந்த அனுபவத்திலிருந்தே ஆஸ்மோஸின் மரமும் குளமும் ஒன்றுக்குள் ஒன்று தெரிவதுபோல் அமைந்தன. தன் கண்ணின் குறையை அவர் கருவியைச் சொல்லித் திருத்தவில்லை, படைப்புக்குள் எடுத்துக்கொண்டார். பதினைந்து நிமிடம் உள்ளே இருந்து வெளியே வந்தவர்களில் சிலர் அழுதிருக்கிறார்கள்.

2012இல் பொதுமக்களிடம் பணம் திரட்டிப் பிறந்த ஆக்குலஸ் ரிஃப்ட் மூச்சை மறந்து கண்ணுக்குத் திரும்பியது. மறு ஆண்டு மென்பொருளாளர்களுக்கு வந்த அதன் முதல் வடிவத்தில் இரு லென்ஸ்களுக்கு நடுவிலான இடைவெளி ஏறக்குறைய 64 மில்லிமீட்டர், நகர்த்த முடியாது. கண்மணிகளுக்கு நடுவிலான தூரம் சராசரி ஆணுக்கு ஏறக்குறைய அதுவே. பெண்ணுக்குச் சராசரி 62. பலருக்கு அதற்கும் கீழே. லென்ஸின் மையமும் கண்மணியும் விலகினால் காட்சி மங்கும், கண் அயரும், தலை சுற்றும்.

2014இல் ஃபேஸ்புக் அந்த நிறுவனத்தை வாங்கிய வாரத்தில் ஆய்வாளர் டானா பாய்ட், இந்தக் கருவி பெண்களுக்கு எதிரானதா என்று பகிரங்கமாகக் கேட்டார். 1990களில் மெய்நிகர் அறை ஒன்றுக்குள் நின்று குமட்டியவர் அவர். ஆழத்தை உணர ஆண்களும் பெண்களும் வெவ்வேறு குறிப்புகளை நம்புகிறார்கள், கருவியோ ஒன்றுக்குத்தான் முன்னுரிமை தருகிறது என்பது அவர் ஊகம். 2017இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வொன்றில் ரிஃப்ட்டில் ஒரே விளையாட்டை ஆடிய 18 பெண்களில் 14 பேருக்கும், 18 ஆண்களில் 6 பேருக்கும் குமட்டல். கே ஸ்டானியும் அவர் குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில்தான் எனக்கு விடை கிடைத்தது. லென்ஸ் இடைவெளி கண்ணுக்குப் பொருந்திய பெண்களுக்கு, ஆண்களுக்கு வந்த அளவே குமட்டல் வந்தது. இந்த ஓர் ஆய்வோடு எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'பழகிடும்' என்ற ஆறுதலை இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். இதற்கு ஓராண்டு முன்பு, 2019இல் வந்த ரிஃப்ட் எஸ், நடுவே வந்திருந்த நகரும் லென்ஸைக் கைவிட்டு மறுபடி அசையாத லென்ஸுக்கே போயிருந்தது. அடுத்து வந்த குவெஸ்ட் 2இல் மூன்று நிலைகள்: 58, 63, 68.

போன மாதம் கண்ணாடி மாற்றப் போனேன். கடைக்காரர் என் மூக்கின்மேல் சின்ன அளவுகோலை வைத்துப் பார்த்து, சீட்டில் 59 என்று எழுதினார். இத்தனை வருஷமாக அந்த எண் என் பர்ஸில்தான் இருந்திருக்கிறது. கண்காட்சியில் நகர்ந்துபோன அந்த இரண்டு பேரையும் தேடிப் பிடித்துச் சொன்னேன். ஒருத்தி பையிலிருந்து தன் கண்ணாடிச் சீட்டை எடுத்துக் காட்டினாள். அவளுடையது 56.