சாத்து

சாத்தூர் ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் ‘சாத்து’ என்ற பழஞ்சொல் நினைவுக்கு வரும். பொதி ஏற்றிக்கொண்டு காட்டுவழியில் கூட்டமாகப் போகும் வணிகர் குழு அது. வடமொழி ‘சார்த்த’ பிராகிருதம் வழியாகத் தமிழில் எடுத்த வடிவம்.

சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை மாசாத்துவான், பெருஞ்சாத்தின் தலைவன். கண்ணகியின் தந்தை மாநாய்கன், கடல்வணிகன். நிலத்துச் செல்வமும் நீர்வழிச் செல்வமும் சம்பந்தம் செய்துகொண்ட கல்யாணம்! இதை மனத்தில் வைத்துப் படித்தால் கோவலனே வேறு ஆளாகத் தெரிகிறான். சாத்துத் தலைவனின் மகன், ஒரு பொதிமாடுகூட இல்லாமல், விடியுமுன் யாரிடமும் சொல்லாமல் புகாரை விட்டு மனைவியோடு நடக்கிறான். முதல் என்று இருந்தது அவள் சிலம்பு மட்டும். அந்தச் சிலம்பை விற்கப் போன இடத்தில் மகன் கொலையுண்ட செய்தி கேட்டு மாசாத்துவான் பொருளையெல்லாம் தானம் செய்துவிட்டுத் துறவு பூண்டார்.