பவளம் போட்ட கணக்கு

ஜோசியர் செவ்வாய் தோஷம் என்று சொல்லிவிட்டால் நம் செல்லூர்க்காரர் என்ன செய்வார்? வைகையைத் தாண்டி தெற்காவணி மூல வீதிக்குப் போய், ஒரு பவள மோதிரம் வாங்கி மாட்டிக்கொள்வார். பவளம் எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டார்.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் பதில் சுவாரசியமாக இருந்திருக்கும். மத்தியதரைக் கடலில் விளைந்து, லண்டனில் கப்பலேறி, மெட்ராஸில் இறங்கியது. அந்த வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தவர்கள் யூதர்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் இன்றும் இருக்கிற பவளக்காரத் தெரு, அவர்களின் தொழிலால் பெயர் பெற்றது என்பார்கள்.

யூதர்களுக்கு இங்கே என்ன வேலை?

1492-ல் ஸ்பெயின் அவர்களைத் துரத்தியது. 1497-ல் போர்ச்சுகல் கட்டாயமாக மதம் மாற்றியது. வெனிஸ் நகரமோ 1516-ல் அவர்களை ஒரே பேட்டைக்குள் அடைத்து, ராத்திரியானால் கதவைப் பூட்டியது. அந்தப் பேட்டையின் பெயர்தான் கெட்டோ.

போர்ச்சுகலிலிருந்து சிதறிய யூதக் குடும்பங்களில் சில, லண்டன் வழியாக மெட்ராஸ் வந்தன. காரணம், கோல்கொண்டா வைரம். பவளம் வரும், வைரம் போகும். அவ்வளவுதான் கணக்கு.

இனிதான் ஆச்சரியம். 1688-ல் மெட்ராஸ் மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மேன்கள் 12 பேர். அதில் மூன்று பேர் யூதர்கள்! அதே ஆங்கிலேயரின் தலைநகரான லண்டனில் ஒரு யூதர் ஆல்டர்மேனாக உட்கார 1847 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாடாளுமன்றத்துக்குள் நுழைய 1858.

கம்பெனிக்காரர்களுக்குத் திடீரென்று பெருந்தன்மை வந்துவிட்டதா? அதெல்லாம் இல்லை. வைரத்தின் தரம் தெரிந்தவர்கள், ஐரோப்பாவில் சொந்தபந்தம் உள்ளவர்கள் கம்பெனிக்குத் தேவைப்பட்டார்கள். லாபம் வந்தால் நாற்காலியும் வரும்.

லாபம் போனால்? 1720-களில் பிரேசிலில் வைரம் கிடைத்தது. கோல்கொண்டாச் சுரங்கங்களும் வற்றத் தொடங்கின. பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் மெட்ராஸின் யூத வணிகர் கூட்டம் கரைந்துபோனது. யாரும் துரத்தவில்லை. போகாதீர்கள் என்று தடுக்கவும் ஆளில்லை.

தங்கசாலைத் தெருவில் இருந்த அவர்களின் பழைய கல்லறைகள்கூடப் பெயர்க்கப்பட்டு, கடைசியில் லாயிட்ஸ் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. கதவைப் பூட்டிய வெனிஸ் கொடுமைக்கார ஊர்தான், சந்தேகமில்லை. ஆனால், நாற்காலி போட்ட மெட்ராஸை ரொம்பவும் மெச்சிக்கொள்ளாதீர்கள். அந்த மரியாதை மனிதர்களுக்குக் கிடைத்ததா, அவர்கள் கொண்டுவந்த பவளத்துக்கா?